அந்த லெப்ட் கார்னர் சும்மாவா நின்னான்?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் எடுத்திருக்கிறோம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தாளி யாரும் கிடையாது, நான் மட்டும்தான். போன வாரம் நம்ம வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு வீடியோ சுத்துச்சு. போடி பக்கம் இருக்கிறவங்க எல்லாருமே பார்த்திருப்பீங்க. காலேஜ் கபடி, அரையிறுதி, கடைசி நிமிஷங்கள். எதிரணி ரெய்டர் உள்ளே வர்றான். லெப்ட் கார்னர்ல நிக்கிற நம்ம பையன் பின்னாடி போறான், போறான், போய்க்கிட்டே இருக்கான். பிடிக்கவே மாட்டேங்கிறான். அங்கிட்டு ரெண்டு பேர் அவுட். அந்த வீடியோவுக்கு மேல யாரோ ஒரு புண்ணியவான் "சிலை திறப்பு விழா"ன்னு எழுதி விட்டுட்டான்.

அதுக்கப்புறம் குரூப்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, பையனுக்கு பார்ம் போச்சு, மூணாவது வருஷம் வந்ததும் மெதப்பாயிட்டான்னு சொல்லுது. இன்னொரு கட்சி, பையன் மேல தப்பில்ல, கோச்தான் கெடுத்துட்டாரு, போன வருஷம் சிங்கம் மாதிரி பாய்ஞ்சவனை இந்த வருஷம் பின்வாங்கப் பழக்கி வச்சிருக்காருன்னு சொல்லுது. எந்தக் காலேஜ், எந்தப் பையன்னு நான் சொல்லப் போறதில்ல. ஊர்ல ஏலக்காய் விவசாயிகள் சங்கமே ஒரு காலேஜ் நடத்துது, அரசு பொறியியல் கல்லூரி ஒண்ணு இருக்கு, தேனிப் பக்கம் போனா இன்னும் எத்தனையோ இருக்கு. நீங்களா ஒண்ணை நினைச்சுக்காதீங்க. பேர் தெரிஞ்சவங்களும் கமெண்ட்ல போட வேண்டாம். அவன் இன்னும் படிச்சிட்டிருக்கிற பையன்.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு கட்சியும் தப்பு. அந்த அரையிறுதியில நம்ம பக்கம் ஒழுங்கா ஆடினது அந்த லெப்ட் கார்னர்தான். அந்த கோச் சொல்லிக்கொடுத்ததும் சரிதான்.

எப்படின்னு கேப்பீங்க. வீடியோ தொடங்குறதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு பார்க்கணும். மேட்ச் முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது ஸ்கோர் 28க்கு 25. நம்ம பசங்க மூணு புள்ளி முன்னாடி. கோர்ட்ல நாலு பேர் இருக்காங்க: லெப்ட் கார்னர், சென்டர், ரைட் கவர், அப்புறம் நம்ம மெயின் ரெய்டர். ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி. அப்போ மூணு நிமிஷத்துல ரெண்டு பக்கமும் சேர்த்து சுமார் ஆறு ரெய்டு, அவங்களுக்கு மூணு, நமக்கு மூணு. நாலு பேர் மட்டும் நிக்கிறதால போனஸும் கிடையாது. போனஸ் வேணும்னா எதிர்ல ஆறு பேராவது இருக்கணும். அதனால ரெய்டுல அவங்க புள்ளி எடுக்க ஒரே வழி நம்மாளைத் தொடுறதுதான். தொட விடாம இருந்தா மேட்ச் நம்ம கையில.

முதல் ரெய்டு, அவங்க ஆள் வந்தான், வெறுங்கையோட போனான். நம்ம ரெய்டரும் போய் நேரத்தைக் கரைச்சிட்டு வந்தான். ரெண்டாவது ரெய்டும் அதே கதை. ரெண்டு ரெய்டு காலியாப் போனா மூணாவது ரெய்டு வாழ்வா சாவா ரெய்டு. புரோ கபடி பார்க்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். புள்ளி எடுக்காம திரும்பினா ரெய்டர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. இப்ப நீங்களே சொல்லுங்க. அந்த மூணாவது ரெய்டுல நம்ம நாலு பேர் அவனைப் பிடிக்கணுமா? தேவையே இல்ல. 30 விநாடி அவன் கைக்குச் சிக்காம இருந்தாலே போதும், அவன் தானா வெளியே போவான்.

வீடியோ அங்கதான் ஆரம்பிக்குது. லெப்ட் கார்னர் பின்னாடி போறான்னு சிரிச்சோமே, அது அந்த ரெய்டு. அவன் போக வேண்டிய இடத்துக்குத்தான் போறான். ரெய்டர் அவனைத் துரத்திக்கிட்டு ஆழமா உள்ளே வர்றான். நேரம் ஓடுது. அப்பதான் பின்பக்கம் இருந்து ரைட் கவர் பையன் டேஷ் அடிக்கப் பாயறான். முதல் வருஷப் பையன். கொஞ்சம் முந்திட்டான். தோள் சரியாப் படல, ரெய்டர் சுத்தித் திரும்பிட்டான். கைகொடுக்க ஓடி வந்த சென்டரையும் தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் தாவிட்டான். ரெண்டு புள்ளி. 28-27. நம்ம பக்கம் மிச்சம் ரெண்டு பேர். அடுத்து நமக்கும் வாழ்வா சாவா. நம்ம ரெய்டர் மாட்டினான், 28-28. இப்ப கோர்ட்ல தனியா நிக்கிறது யாரு? நம்ம லெப்ட் கார்னர். ஏழு பேருக்கு நடுவுல இருந்து வர்ற ரெய்டர் முன்னாடி ஒத்தையாளு. அவன் கணுக்காலுக்குப் பாய்ஞ்சான், ரெய்டர் தாண்டிட்டான். தொட்டதுக்கு ஒண்ணு, ஆல் அவுட்டுக்கு ரெண்டு. 31-28. முடிஞ்சுது.

வீடியோவுல நமக்குத் தெரிஞ்சது ரெண்டே காட்சி. லெப்ட் கார்னர் பின்வாங்கினது, லெப்ட் கார்னர் கடைசியில அவுட் ஆனது. நடுவுல நடந்தது பிரேமுக்குள்ளயே இல்ல. ஏன்னா போன் பிடிச்சவர் ரெய்டரை ஜூம் பண்ணியிருக்கார்.

இதைக் கொஞ்சம் நிதானமாப் பேசணும்னு எனக்கு ஆசை. ரெய்டர் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே போறான், தொடுறான், வர்றான், கையைத் தூக்குறான். சினிமாவுலயும் கடைசி நிமிஷம் ஹீரோ ரெய்டுக்குத்தான் போவார். டிபென்ஸ்ல பாதி வேலை எதுவும் நடக்காம பார்த்துக்கிறது. ஒரு ரெய்டர் பாக் லைனைத் தாண்டி, அதாவது நடுக்கோட்டுல இருந்து 3.75 மீட்டர் உள்ளே வந்து, யாரையும் தொடாம திரும்பிப் போனா ஸ்கோர்ஷீட்ல அது காலி ரெய்டு. யார் பேர்லயும் புள்ளி ஏறாது. ஆனா அந்தக் காலி ரெய்டை நாலு பேர் சேர்ந்துதான் செஞ்சிருக்காங்க. அதே மாதிரி, ஒரு கார்னர் கணுக்காலைப் பிடிச்சு, கவர் வந்து மேல விழுந்து, செயின் போட்டு அமுக்கினா, டேக்கிள் புள்ளி பொதுவா முதல்ல பிடிச்சவன் பேர்லதான் போகும். அந்த ரெய்டர் வெளியே போகாம வழியை அடைச்சவன் பேர் எங்கேயும் இருக்காது.

அதனால நம்ம ரசிகர் கூட்டத்துக்கு நல்ல டிபெண்டர்னா நிறையப் பாயறவன். போன வருஷம் இந்தப் பையனைத் தலையில தூக்கி வச்சதும் அதனாலதான். போன வருஷ ஆட்டம் நானும் பார்த்தேன். அஞ்சு தடவை பாய்வான், ரெண்டு தடவை பிடிப்பான். அந்த ரெண்டு ஸ்டேட்டஸ்ல வரும். மிச்ச மூணுல அவனும் அவுட், காப்பாத்த வந்தவனும் அவுட். அதை யார் எண்ணினா? பெரிய பெரிய டிபெண்டர்களே பிடிக்கப் போனதுல பாதிக்குப் பக்கம் தவறவிடுவாங்க. அதனால எப்பப் பாயக் கூடாதுன்னு தெரிஞ்சவனோட மதிப்பு எனக்கு ஒரு படி மேல.

இந்த வருஷம் புதுசா வந்த கோச் அதைத்தான் மாத்தினார். அவர் சம்பளத்துக்கு வர்ற கோச் கிடையாது. பழைய ஆட்டக்காரர். வேலை முடிச்சு சாயங்காலம் வந்து நிப்பார். பசங்க "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவாங்க. அவர் பிராக்டிஸை ரெண்டு நாள் போய்ப் பார்த்தேன். முதல் அரைமணி நேரம் யாரும் யாரையும் பிடிக்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா ஒரு துண்டோட ரெண்டு முனையைப் பிடிச்சுக்கணும். துண்டு தொய்யவும் கூடாது, விறைப்பா இழுபடவும் கூடாது. ரெய்டர் அங்கிட்டு இங்கிட்டு ஆட ஆட, மொத்த வரிசையும் ஒண்ணா நகரணும். ரெய்டர் இடது பக்கம் போனா லெப்ட் கார்னர் பின்னாடி இழுத்துட்டுப் போகணும், அதே நேரத்துல எதிர்ப்பக்கக் கார்னர் முன்னாடி ஏறி அவன் திரும்பற வழியைச் சுருக்கணும். கவர் ரெண்டு பேரும் கார்னர் கை வைக்கிற வரைக்கும் அசையக் கூடாது. பார்க்கிறதுக்குப் படு போர். நான் பார்த்த முதல் நாளே ரெண்டு பசங்க கொட்டாவி விட்டாங்க.

ஆனா அந்த லெப்ட் கார்னர் பையனுக்கு இது சட்டுனு பிடிபட்டுச்சு. ஏன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. வெளியூர்ல கேக்கிறவங்களுக்காகச் சொல்றேன். போடியில இருந்து மேற்கே போனா முந்தல், அங்கிருந்து கொண்டை ஊசி வளைவா ஏறினா போடிமெட்டு, அதுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்டம். விடிகாலையில ஜீப் ஜீப்பா ஆளுங்க மலை ஏறுவாங்க, சாயங்காலம் இறங்குவாங்க. லீவு நாள்ல காலேஜ் பசங்களும் மருந்தடிக்க, சுமை தூக்கப் போவாங்க. அந்தச் சரிவுல சுமையோட இறங்கிப் பாருங்க. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். ஒவ்வொரு அடியிலயும் உடம்பைப் பிரேக் போட்டுப் பிடிக்கணும், ஈரமான சருகு வழுக்கும். கார்னர் பின்வாங்கும்போது வேலை செய்யறது அதே தொடைத் தசைதான். கண்ணு முன்னாடி, கால் பின்னாடி, எந்த நொடியிலயும் நின்னு பாயத் தயாரா இருக்கணும். ஜிம்ல போய்ப் பழகுறதை இவன் ஏலத்தோட்டத்துல பழகியிருக்கான்னு நினைக்கிறேன். யூகம்தான்.

சரி, உள்ளூர் கதையை விட்டு வெளியே வருவோம். டிபென்ஸ் எப்படி ஒரு அணியோட தலையெழுத்தை மாத்தும்ங்கிறதுக்கு நம்ம தமிழ் தலைவாஸே போதும். 2017ல அஞ்சாவது சீசன்ல உள்ளே வந்தோம். அஜய் தாக்கூர் கேப்டன். அந்த சீசனும் அதுக்கடுத்த சீசனும் நம்ம பிரிவுல கடைசி. 2019ல ஏழாவது சீசன். ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர் ரெய்டுக்கு, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் டிபென்ஸுக்கு. பேரைக் கேட்டாலே அதிரும். 12 அணியில 12வது இடம். ஒவ்வொருத்தரும் தனித்தனியா பெரிய ஆளு. சேர்ந்து நகர்ற அணியா அது இருந்துச்சா? எனக்கு அப்படித் தெரியல.

அப்புறம் எட்டாவது சீசன்ல புது அணி. ரைட் கார்னர்ல சாகர், லெப்ட் கார்னர்ல சாஹில் குலியா, கவர்ல சுர்ஜீத் சிங். அந்த வருஷமும் மேல வரல. ஆனா கார்னர் ஜோடி அப்படியே தொடர்ந்துச்சு. 2022ல ஒன்பதாவது சீசன்ல பவன் செராவத்தை 2.26 கோடி கொடுத்து எடுத்தாங்க. முதல் மேட்ச்லயே அவருக்கு முழங்கால் காயம், சீசனே போச்சு. கோச்சும் நடுவுல மாறி அஷன் குமார் வந்தார். எல்லாரும் முடிஞ்சுதுன்னு நினைச்ச அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதி போனாங்க. ரெய்டுல நரேந்தர்ங்கிற புதுப் பையன் பின்னி எடுத்தான், அதை மறுக்கல. ஆனா அவன் அவுட் ஆகி வெளியே உக்காந்தா உள்ளே கூப்பிட ஆள் வேணுமே. நம்ம டிபென்ஸ் ஒரு ரெய்டரைப் பிடிச்சா வெளியே இருக்கிற நம்ம ரெய்டர் உள்ளே வர முடியும். சாகர், சாஹில், கவர்ல நம்ம அபிஷேக் எல்லாம் அந்த வேலையைச் செஞ்சாங்க. புனே அணிகிட்ட 39-37ன்னு ரெண்டே புள்ளியில தோத்தது இன்னும் வலிக்குது, அது வேற விஷயம்.

இதைவிடப் பெரிய பாடம் 2018 ஜகார்த்தா. 1990ல பெய்ஜிங்ல கபடி ஆசிய விளையாட்டுக்குள்ள வந்ததுல இருந்து ஆண்கள் தங்கம் ஒவ்வொரு தடவையும் நமக்குத்தான். ஏழு தடவை. ஜகார்த்தா அரையிறுதியில ஈரான் நம்மளை 27-18ன்னு தோற்கடிச்சாங்க. இந்தியா மொத்தமே 18 புள்ளி! நம்மகிட்ட ரெய்டர் இல்லாமலா? புரோ கபடியோட பெரிய ரெய்டர் எல்லாம் அந்த அணியில. ஈரான் பக்கம் பசல் அத்ராச்சலி மாதிரி கார்னர்கள். மறுநாள் பெண்கள் இறுதிப் போட்டியிலயும் ஈரான் 27-24. அந்த ஈரான் பெண்கள் அணிக்குக் கோச் யார் தெரியுமா? நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நம்ம ஊர் அம்மா போய்ச் சொல்லிக்கொடுத்து நம்மளையே ஜெயிச்சாங்க. சொல்லிக்கொடுத்தா வர்ற வித்தைதான் இதுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்.

தமிழ்நாட்டுக்காரங்க பேசும்போது தர்மராஜ் சேரலாதனை விட முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு, ரைட் கார்னர். 2016ல பாட்னா பைரேட்ஸ் கோப்பையை ஜெயிச்சப்ப அவர்தான் கேப்டன். வயசு 41. அதே வருஷம் அகமதாபாத்ல உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியிலயும் இருந்தார். 41 வயசுல இருபது வயசுப் பசங்களோட வேகத்துக்கு ஓட முடியுமா? முடியாது. அவர் ஓடவும் இல்ல. பழைய மேட்ச் எடுத்துப் பாருங்க. பாதி நேரம் சும்மா நிக்கிற மாதிரியே இருக்கும். ரெய்டர் காலை எங்க வைக்கப் போறான்னு முன்கூட்டியே கணிச்சு அங்க காத்திருப்பார். யாரும் அவரைச் சிலைன்னு சொல்லல.

இப்ப நம்ம பையன்கிட்டயும் கோச்கிட்டயும் குறையே இல்லையான்னா, இருக்கு. குரூப்ல ஒரு தங்கச்சி சரியாப் பிடிச்சாங்க: "அண்ணா, அவன் ஏன் கத்தல?" நூத்துக்கு நூறு சரியான கேள்வி. கார்னர்ல நிக்கிறவனுக்கு மொத்தக் கோர்ட்டும் தெரியும், கவர்ல நிக்கிறவனுக்குத் தெரியாது. அந்த மூணாவது ரெய்டுல "விடு, விடு, நேரம் ஓடட்டும்"னு அவன் ஒரு குரல் கொடுத்திருக்கணும். அவன் பேசாத பையன். களத்துலயும் பேச மாட்டான். மூணாவது வருஷ சீனியர் அப்படி இருந்தா முதல் வருஷப் பையன் யார் குரலைக் கேப்பான்? வெளியே இருக்கிற கூட்டத்தோட குரலைத்தான். கூட்டம் "பிடி, பிடி"ன்னு கத்துச்சு. அந்தச் சின்னப் பையன் பாய்ஞ்சுட்டான். கோச் மேலயும் ஒரு வார்த்தை: துண்டு பிடிச்சு நகரச் சொல்லிக்கொடுத்தவர், சத்தத்துக்கு நடுவுல நகரச் சொல்லிக்கொடுக்கல. காலேஜ் பின்னாடி, இருட்டுற நேரத்துல, ஆளில்லாத மண் தரையில பழகின பசங்க அவங்க. போட்டியோ மேட்ல, ஷூ போட்டு, சுத்தி நானூறு பேர். மண்ணுல கால் பதியும், டேஷ் அடிக்கும்போது ஒரு அரைநொடி தாமதிச்சாலும் சமாளிக்கலாம். மேட்ல ரெய்டர் திரும்பற வேகமே வேற. அந்த ரைட் கவர் தவறினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். அவனையும் யாரும் வைய வேண்டாம்.

இவ்வளவு நேரம் ஒரு காலேஜ் மேட்ச்சை வச்சு ஏன் பேசறேன்னா, அந்தப் பையனுக்கு இது கடைசி வருஷம். பல்கலைக்கழக அணித் தேர்வு வரப்போகுது. அதுல இடம் கிடைச்சாத்தான் தென்மண்டலப் போட்டி, அங்க ஜெயிச்சாத்தான் அகில இந்தியப் போட்டி. அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, ரயில்வே, போலீஸ் அணிகள் இருக்கு. எல்லாத்துக்கும் சர்டிபிகேட் வேணும், பதக்கம் வேணும். அவன் வீட்டுல அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறாங்க. ஒரு வேலைங்கிறது அந்த வீட்டுக்கு என்னன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

தேர்வுல என்ன நடக்கும்? தெரியாத பத்துப் பதினஞ்சு காலேஜ் பசங்களை ஒரே நாள்ல கலந்து ஆட விடுவாங்க. கூட ஆடுறவன் யாருன்னே தெரியாத இடத்துல செயின் போட முடியாது. அங்க பாயறவன்தான் கண்ணுல படுவான். அவனோட இந்த வருஷ ஸ்கோர்ஷீட்டைப் பார்த்தா டேக்கிள் புள்ளி போன வருஷத்துல பாதிகூட இல்ல. அவனே நேத்து என்கிட்ட கேட்டான்: "அண்ணே, செலக்சன்ல மட்டும் பழைய மாதிரி பாய்ஞ்சுரட்டா?" நான் என்ன பதில் சொல்ல? கோச்கிட்ட கேளுடான்னேன். கோச் சொன்னது இதுதான்: "அஞ்சு பாய வேண்டாம். ஒண்ணு பாய். ஆனா நீ பின்னாடி போறப்ப வாயைத் திறந்து பேசு, செலக்டர் காதுல விழட்டும்."

எனக்கு அது சரின்னு படுது. கூடவே இன்னொண்ணும் செய்யலாம்னு தோணுது. இந்த சீசன்ல அவங்க காலேஜ் ஏழெட்டு மேட்ச் ஆடியிருக்கு. காலி ரெய்டு எத்தனை, அதுல அவன் பக்கம் எத்தனைன்னு எண்ணி ஒரு தாள்ல போட்டு, முழுக் கோர்ட்டும் தெரியற வீடியோவோட அவங்க பிசிக்கல் டைரக்டர்கிட்ட கொடுக்கலாம். செலக்டர்கிட்ட காட்டுறதா வேண்டாமான்னு அவர் முடிவு பண்ணட்டும். நான் இதுவரைக்கும் 23 கிளிப் சேர்த்திருக்கேன். 23லயும் ரெய்டர் மூஞ்சிதான் இருக்கு.

அதனால கேக்கிறவங்ககிட்ட ஒரு உதவி. அந்த மேட்ச் எதையாவது மொட்டைமாடியில இருந்தோ, கேலரி உச்சியில இருந்தோ ஜூம் பண்ணாம எடுத்து வச்சிருந்தீங்கன்னா வர்ற வியாழக்கிழமைக்குள்ள குரூப்ல போடுங்க. ஆடி அசைஞ்சு இருந்தாலும் பரவால்ல, சத்தம் இல்லேன்னாலும் பரவால்ல. ஏழு பேரும் தெரிஞ்சா போதும்.